பெட்டி திறக்கும் முன்பே பதினான்கு பதில்கள்

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைச் சோதிக்கும் சுகுணா மேடத்தின் மேஜையில் ஒரு பழுப்பு நிறப் பெட்டி இருந்தது. அவர் அதன் கொக்கியை எடுத்துவிட்டு, என் மகளைப் பார்த்துச் சிரித்து, "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டார்.

ஜெசிந்தா எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"என் பேர் ஜெசிந்தா. வாரத்துக்கு ஏழு நாள். சூரியன் மேற்கே மறையும். பசுவுக்கும் ஆட்டுக்கும் ஒற்றுமை, ரெண்டும் பால் கொடுக்கும். எதிர் வூட்டுக் கன்னுக்குட்டி நம்ம தோட்டத்துல மேஞ்சா அடிக்கக் கூடாது, ஓட்டிக்கினு போயி கட்டிட்டுச் சொல்லணும்."

இப்படிப் பதினான்கு பதில்கள். கேள்வி ஒன்றுதான் வந்திருந்தது. மேடம் குறுக்கிடவே இல்லை. பதினான்காவது முடிந்ததும் ஜெசிந்தா உட்கார்ந்து, சரியாகச் சொன்னேனா என்று என்னைப் பார்த்தாள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க டீச்சரா?"

"ஆமாங்க."

அவர் பெட்டியின் கொக்கியைத் திரும்ப மாட்டினார்.

ஒரு வாசகியின் கடிதம்

இந்தத் தொடரில் மலைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியபோது, என் மகளுக்குப் படிப்பு வராமல் புதுச்சேரிக்குச் சோதனைக்கு அழைத்துப் போனேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஒரு தாய் அதைப் பிடித்துக்கொண்டு நான்கு பக்கம் கடிதம் எழுதிவிட்டார். அது என்ன சோதனை, ஊசி போடுவார்களா, பைத்தியம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்களா, அதற்குப் பிள்ளையை எப்படித் தயார் செய்வது என்று கேட்டிருந்தார்.

கடைசிக் கேள்வியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். தயார் செய்ததில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

எங்கள் வீடு கள்ளக்குறிச்சியில். என் கணவர் செல்வராஜ் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். நான் கல்வராயன் மலையில் ஓர் ஓராசிரியர் பள்ளியில் டீச்சர். காலை பஸ்ஸில் கச்சிராயபாளையம் வழியாக மேலே போவேன், சாயங்கால பஸ்ஸில் இறங்குவேன். வளைவுகளில் பஸ் திரும்பும்போது டீசல் வாசனையும் மரவள்ளிக் கிழங்கு மூட்டையின் மண் வாசனையும் சேர்ந்து வரும். இரண்டும் சேர்ந்து வந்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும்.

எங்கள் ஒரே மகள் ஜெசிந்தா டவுனில் ஒரு பேர்பெற்ற பள்ளியில் நான்காம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு வரை அவளைப் பற்றி ஒரு குறையும் கிடையாது. பாடப் புத்தகத்தை விரித்தால் தண்ணீர் போலப் படிப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பைபிள் சங்கீதம் ஒன்றை முழுவதும் சொல்வாள். "டீச்சர் வூட்டுப் பொண்ணுன்னா சும்மாவா" என்பார்கள். நானும் மறுக்காமல் அதைக் கேட்டுக்கொள்வேன்.

நான்காம் வகுப்பில் எல்லாம் கவிழ்ந்தது. கட்டுரை நோட்டு முழுக்கச் சிவப்பு மை. சொல்வதெழுதுதலில் பூஜ்யம். படிக்கச் சொன்னால் வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள். யாரோடும் சேரவில்லை. தன்னை "மக்கு" என்று கூப்பிட்ட ஒரு பெண்ணின் கையைக் கடித்துவைத்தாள். பல் பதிந்துவிட்டது.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். குரலை உயர்த்தாமல் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"உங்க பொண்ணுக்கு மூளை வளர்ச்சி சரியா இருக்கான்னு பாத்துட்டு வாங்க டீச்சர். காலாண்டு லீவு முடிஞ்சு வர்றப்ப டாக்டர் கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்கணும். இல்லன்னா டி.சி. வாங்கிக்குங்க. மத்த பிள்ளைங்க படிப்பும் கெடுது."

"ஒரு டீச்சர்கிட்ட இப்படிப் பேசறீங்களே" என்றேன். அந்த அறையில் அரை மணி நேரம் நின்று சண்டை போட்டேன். என் பிள்ளையைப் பற்றி முடிவு கட்ட நீங்கள் யார் என்று கேட்டேன். ஆத்திரத்தில் நாற்காலியில் என் குடையை மறந்து வைத்துவிட்டு வந்தேன். அதைத் திரும்ப வாங்கப் போகவே இல்லை.

தயாரிப்பு

வீட்டில் செல்வராஜ் ஒரேயடியாக மறுத்தார்.

"மூளை டாக்டர்கிட்ட இட்டுக்கினு போனோம்னு வெளிய தெரிஞ்சா இன்னா ஆவும்? நாளைக்கு இவள எவன் கட்டுவான்?"

"டி.சி. குடுத்தா மட்டும் வந்து வரிசையில நிப்பாங்களா?" என்றேன்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கன்றுகளுக்கு ஊசி போடப் போய்விட்டார். அதுதான் அவர் சம்மதம்.

பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா தன் பையனைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போய் வந்திருந்தார். அவரிடம் ஓடினேன். "இன்னா கேட்டாங்க, இன்னா கேட்டாங்க" என்று துருவித் துருவிப் பதினான்கு கேள்விகளைக் கறந்துகொண்டேன். பரீட்சைக் கேள்வித்தாள் முன்கூட்டியே கையில் கிடைத்த மாதிரி சந்தோஷம். இரண்டு வாரம், காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, நான் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள். என் பள்ளிக்கூடத்திலும் அதுதானே முறை. ஐந்து வகுப்பும் ஒரே அறையில், ஒரே டீச்சர். நான் ஒரு வரி சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் கோரஸாகச் சொல்லும். இன்ஸ்பெக்டர் வந்தபோது எங்கள் பிள்ளைகளின் சத்தம் பக்கத்துக் குன்றில் எதிரொலித்தது. "நன்று" என்று எழுதிவிட்டுப் போனார்.

அப்படிப்பட்ட டீச்சருடைய மகள்தான் கையைக் கட்டிக்கொண்டு பதினான்கு பதில்களையும் ஒப்பித்தாள்.

பஸ் ஓடாத வாரம்

"இது பரீட்சை இல்லைங்க" என்றார் சுகுணா மேடம். "பாஸ், ஃபெயில் எதுவும் கிடையாது. நீங்க சொல்லிக் குடுத்துட்டா இவ மூளை எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குத் தெரியாது. உங்க மூளை எப்படி வேலை செய்யுதுன்னுதான் தெரியும்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஜெசிந்தா என் முந்தானையைப் பிடித்து, "எத்தினி மார்க்குமா?" என்று கேட்டாள்.

வேறு கேள்விகள், வேறு படங்கள் இருக்கின்றன, ஆனால் அவசரப்பட்டு ஒரே காலையில் முடிக்க முடியாது, இன்னும் சில நாள் வர வேண்டும் என்றார் மேடம். நாளைக்கே ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றேன். காலாண்டு விடுமுறைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது, எனக்கு லீவு இல்லை. மேடத்துக்கும் வாரம் முழுவதும் ஆட்கள் பதிவாகியிருந்தார்கள்.

மறுநாள் பஸ் ஓடவில்லை. எண்பத்தேழாம் வருஷத்து இடஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கிவிட்டது. விழுப்புரம் வழியெல்லாம் புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்துவிட்டார்கள் என்று பஸ் ஸ்டாண்டில் சொன்னார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு கண்டக்டர், டிக்கெட் பையைத் தலைக்கு வைத்துப் படுக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் தங்கியிருந்த நாத்தனார் வீட்டுக்கே திரும்பப் போனோம்.

அந்த வாரத்தில் எங்கள் பக்கத்தில் உயிர்கள் போயின. சில ஊர்களில் கூரைகள் எரிந்தன. அதை எழுத வேண்டியவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதுவது, அதே வாரத்தில் ஓர் அமைதியான அறையில் நடந்ததை. வெளியூர் ஆட்கள் யாரும் வந்து சேர முடியாததால் மேடத்தின் பதிவு நோட்டு காலியாகிவிட்டது. ஒரு காலை கிடைக்குமா என்று கெஞ்சிய எங்களுக்கு ஐந்து காலைகள் கிடைத்தன.

என்னவெல்லாம் பார்த்தார்கள்

கடிதம் எழுதிய தாய்க்காக இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஊசி கிடையாது. தலையில் எதையும் மாட்டவில்லை. முதலில் கண்ணும் காதும் சரியாக இருக்கின்றனவா என்று வேறு அறையில் பார்த்து எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். கண் தெரியாத பிள்ளையை மக்கு என்று சொல்லிவிடக் கூடாது அல்லவா.

பிறகு என்னைத் தனியாக உட்காரவைத்துக் கேள்விகள். பிரசவம் எப்படி நடந்தது, குழந்தை உடனே அழுததா, எப்போது நடந்தாள், எப்போது பேசினாள், ஜுரத்தில் வலிப்பு வந்ததா, தலையில் அடி பட்டதா, இரவில் நன்றாகத் தூங்குகிறாளா, குடும்பத்தில் யாருக்காவது படிப்பு வரவில்லையா. கடைசிக் கேள்விக்கு என் தம்பியின் நினைவு வந்தது. எட்டாம் வகுப்பை மூன்று தடவை எழுதிவிட்டு லாரிக்குப் போனவன். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லிவிட்டேன். மேடம் குறித்துக்கொண்டார்.

ஜெசிந்தாவோடு அவர் செய்தது பார்ப்பதற்கு விளையாட்டு மாதிரி இருந்தது. சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை அடுக்கிப் படத்தில் இருக்கும் கோலத்தைக் கொண்டுவரச் சொன்னார். எண்களைச் சொல்லி, முன்னும் பின்னுமாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒரு தாள் முழுக்க இருந்த சின்னச் சின்னப் படங்களில் ஒரே ஒரு படத்தை மட்டும் தேடித் தேடிக் கோடு போட்டு அடிக்கச் சொன்னார். கையில் கடிகாரம் இருந்தாலும் அதை அவள் பார்க்கும்படி வைக்கவில்லை. இரண்டு பெண்கள் சண்டை போடும் படத்தைக் காட்டி, "இவ மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டார். "அவ இவளுக்குப் பட்டப்பேரு வெச்சுக் கூப்புட்டிருப்பா" என்றாள் ஜெசிந்தா. அறை முழுக்கப் பென்சில் சீவிய வாசனை. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் ஒரு கதை சொன்னார். ஒருத்தி சந்தைக்கு ஒரு கோழி கொண்டுபோகிறாள். வழியில் மழை. ஒரு மரத்தடியில் ஒதுங்குகிறாள். கோழி தப்பி ஓடிவிடுகிறது. தேடிப் பிடித்துப் பார்த்தால் இரண்டு கோழிகள் இருக்கின்றன. இவ்வளவுதான் கதை. அரை மணி நேரம் கட்டையெல்லாம் அடுக்கிவிட்டு, "அந்தக் கதையை இப்ப சொல்லு" என்றார். ஜெசிந்தா ஒரு சொல் விடாமல் சொன்னாள். மேடம் பென்சிலை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

அதற்கப்புறம்தான் பாடப் புத்தகம். முதல் பாடத்தை விரித்துப் படிக்கச் சொன்னார். தண்ணீர் போலப் படித்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேடம் ஓர் அட்டையை எடுத்துப் பக்கத்துப் படத்தை மறைத்தார். இன்னொரு அட்டையால் வரிகளை மறைத்தார். நடுவில் ஒரே ஒரு சொல் மட்டும் தெரிந்தது.

"இது என்ன?"

ஜெசிந்தாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. முதல் வரியிலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டு வருகிறாள், அந்த இடம் வரும்போது நின்று பதில் சொல்லலாம் என்று. அட்டை மறைத்துக்கொண்டிருந்ததால் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. தாண்டிப் போய்விட்டாள். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். நெற்றியில் வியர்வை வந்துவிட்டது.

அது "அம்மா" என்ற சொல். அவளுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

நான் எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

நாலு பக்கம்

ஐந்தாம் நாள் மேடம் எனக்கு விளக்கிச் சொன்னார். மொத்தமாக ஒரு மார்க் போட்டுக் கொடுப்பார் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எது நன்றாக இருக்கிறது, எது பின்தங்கியிருக்கிறது என்று தனித்தனியாகச் சொன்னார்.

"காதால கேட்டு நினைவுல வெச்சுக்கிறதுல இவ தன்னைவிடப் பெரிய பிள்ளைங்களோட நிக்கிறா. யோசிக்கிறது நல்லா இருக்கு. ஆனா கண்ணுல படுற எழுத்து இவளுக்குச் சத்தமா மாற மாட்டேங்குது. அதுல ஒண்ணாங் கிளாஸ்லதான் இருக்கா. மூளை வளர்ச்சி கம்மின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இது தனியா ஒரு கஷ்டம். இதுக்குன்னு சொல்லிக் குடுக்கிற முறை இருக்கு."

"அப்போ மூணாவது வரைக்கும் எப்படிங்க படிச்சா?"

"அதை அவகிட்டயே கேட்டேன். வரிசைப்படி படிக்கச் சொல்லுவாங்களாம். முன்னாடி இருக்கிற பிள்ளைங்க படிக்கிறதைக் கேட்டுக்குவாளாம். வீட்டுல நீங்க சொல்லிக் குடுப்பீங்களாம். இந்த வருஷம் வந்த டீச்சர் நடுவுல யாரை வேணா எழுப்பிக் கேக்கிறாங்க. வயித்துவலி அதுலதான் ஆரம்பிச்சுது. கடிச்சதும் அதனாலதான்."

"என் தப்பாங்க?"

"இந்தக் கஷ்டம் பிறவியிலேயே வர்றது. அது உங்க தப்பு இல்லை." தாள்களை அடுக்கினார். "இத்தனை வருஷம் தெரியாம இருந்ததுக்கு மனப்பாடம் ஒரு காரணம்."

அவர் ஒன்றையும் பூசி மெழுகிச் சொல்கிறவர் அல்ல. அதனால்தான் மற்றதையும் நம்பினேன்.

கடைசியாக, ஏதோ பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி, "உங்க பள்ளிக்கூடத்துலயும் இந்த மாதிரி பிள்ளைங்க இருந்திருப்பாங்களே, கவனிச்சிருக்கீங்களா?" என்றார்.

"எங்க பிள்ளைங்க மலைப் பிள்ளைங்க மேடம்" என்றேன். "வந்தாப் படிக்கும். வரலன்னா காட்டு வேலைக்குப் போயிடும்."

மேடம் அதையும் குறித்துக்கொண்டாரா என்று நான் பார்க்கவில்லை.

சாய்ந்த மரங்கள்

பஸ் விட ஆரம்பித்த முதல் நாளே கிளம்பிவிட்டோம். திருநாவலூருக்கு முன்னாலேயே பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டார்கள். ரோட்டில் மரங்களை இன்னும் முழுதாக அப்புறப்படுத்தவில்லை. அந்தப் பக்கம் நடந்து போனால் வேறு பஸ் கிடைக்கும் என்றார்கள். வெட்டிய புளியமரத்தின் பச்சை வாசனை வழியெல்லாம் இருந்தது. சோதனைத் தாள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி என் மார்போடு வைத்திருந்தேன்.

ஒரு பெரிய மரத்தின் அருகே நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள். எந்த ஜாதி ஆளுங்க என்று கேட்பார்களோ என்று ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒருவர் எழுந்து வந்தார்.

"குழந்தைய வெச்சிக்கினு எங்கேருந்து வர்றீங்க?"

"பாண்டிச்சேரிங்க. பொண்ணுக்குப் படிப்பு வரலன்னு டாக்டருகிட்ட இட்டுக்கினு போயிருந்தேன்."

"படிப்புக்காகத்தான் நாங்களும் ரோட்ல குந்திக்கினு இருக்கோம்" என்றார். ஜெசிந்தாவைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டார். என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

இன்னும் கொஞ்சம் தூரம் நடந்த பிறகு ஜெசிந்தா நின்றாள்.

"ம்மா, நான் மக்கு இல்லியா?"

"இல்லடி."

"மேடம் சொன்னாங்களா?"

"எழுதியே குடுத்துட்டாங்க."

"எங்க எழுதியிருக்கு? காட்டு."

ரோட்டோரத்தில் பையைப் பிரித்தேன். ஆங்கிலத்தில் டைப் அடித்த நாலு பக்கம். அந்த வரியைக் காட்டினேன். அவள் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை. எழுத்து அவளுக்குப் புரியாது. ஆனால் அங்கே இருக்கிறது என்று தெரிந்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது.

பள்ளிக்கூடம் ஒப்புக்கொண்டது

தலைமையாசிரியை நாலு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தார். மேடம் மூன்று விஷயங்கள் கேட்டிருந்தார். வகுப்பில் எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லக் கூடாது. கேள்வித்தாளை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்கக் கூடாது. முதல் இரண்டுக்கும் தலைமையாசிரியை ஒப்புக்கொண்டார். மூன்றாவதற்கு முடியாது என்றார். டி.சி. பேச்சு அதோடு நின்றது.

வீட்டில் மணல் பரப்பி ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு சத்தமாக, மேடம் சொன்னபடி ஆரம்பித்தோம். சொல்லிக் கொடுக்க எனக்குப் பொறுமை போதவில்லை. செல்வராஜ்தான் உட்கார்ந்தார். மாட்டுக்குப் பிரசவம் பார்த்த மனுஷனுக்குக் காத்திருக்கத் தெரிந்திருந்தது. அவள் எழுத்துக்கூட்டிப் படிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. ஜெசிந்தா இன்று சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். போனில் எனக்கு எழுதி அனுப்ப மாட்டாள், குரலில்தான் அனுப்புவாள். சொன்ன சேதியை ஒரு சொல் மாறாமல் பத்து வருஷம் கழித்தும் சொல்வாள். அதனால் அவளிடம் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது.

இந்த அத்தியாயத்தை இங்கேயே முடித்திருக்கலாம். முடிக்க மனசு வரவில்லை.

அட்டை

காலாண்டு விடுமுறை முடிந்து மலைக்குப் போன முதல் நாள், என் பைக்குள் இரண்டு அட்டைகள் வெட்டி வைத்திருந்தேன். பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, படத்தை மறைத்து, வரியை மறைத்து, நடுவில் ஒரு சொல்லைக் காட்டினேன். கெட்டிக்காரர்கள் என்று நான் நினைத்த பிள்ளைகளில் ஒன்பது பேருடைய உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

எல்லோருக்கும் ஜெசிந்தாவின் கஷ்டம் இல்லை. அட்டை காட்டி அதைக் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். பலருக்கு நான் எழுத்தைச் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சத்தத்தைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் வருகைப் பதிவேட்டை மூடும்போது மல்லியின் நினைவு வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் நான்காம் வகுப்பில் இருந்தவள். ஒரு வரி எழுத வராது. பாட்டு மட்டும் ஒரு தடவை கேட்டால் அப்படியே பாடுவாள். பாடத்தில் கவனமில்லை, பாட்டு மட்டும் வருகிறது என்று அதற்கும் திட்டியிருக்கிறேன். அவள் அப்பா சடையனைக் கூப்பிட்டு, "இவளுக்குப் படிப்பு ஏறாதுய்யா. காட்டு வேலைக்காவது ஆவட்டும்" என்று சொல்லிப் பெயரை அடித்துவிட்டேன். பேசி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. என்னை எவரும் சோதனைத் தாள் கேட்கவில்லை. சடையன் என்னிடம் சண்டை போடவில்லை. "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் ஒரு பலாப்பழம் கொண்டுவந்து பள்ளிக்கூட வாசலில் வைத்துவிட்டு, இத்தனை நாள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டதற்கு என்றார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன். நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம். நல்ல பழம்.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மணி நேர நடை. மல்லி வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கின் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"திரும்பப் படிக்க வர்றியா மல்லி?"

"எனக்குத்தான் மண்டையில ஒண்ணும் இல்லியே டீச்சர்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

சடையன் உள்ளேயிருந்து வந்தார். நான் அவரோடு பேசாமல் மல்லியை உட்காரவைத்து அந்தக் கோழிக் கதையைச் சொன்னேன். பிறகு அவரிடம் மழையைப் பற்றியும் கிழங்கு விளைச்சலைப் பற்றியும் வெகுநேரம் பேசினேன். அதற்கப்புறம், "அந்தக் கதையச் சொல்லு பாக்கலாம்" என்றேன். மல்லி சொன்னாள். சந்தை, மழை, மரத்தடி, ஓடிய கோழி, எதையும் விடவில்லை. முடித்துவிட்டு, "அந்த ரெண்டாவது கோழி யாரோடது டீச்சர்?" என்று கேட்டாள். நாங்கள் யாருமே கேட்காத கேள்வி அது.

"நான் சொன்னது தப்புங்க" என்றேன் சடையனிடம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரை "ய்யா" என்று பேசிய அதே வாயால். "இவளுக்கு மூளை நல்லா இருக்கு."

சடையன் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ எதுக்கு டீச்சர் அனுப்பிட்டீங்க?"

கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு ஒரு வாரம் உட்கார்ந்து சோதித்து நாலு பக்கம் எழுதிக் கொடுக்க ஓர் ஆள் இருந்தார். இவருக்கு இருந்தது நான் மட்டும்தான்.

"எனக்குப் பாக்கத் தெரியலைங்க" என்றேன்.

"இப்போ தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும்."

அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ இட்டுக்கினு போங்க" என்றார்.

மல்லி கையில் இருந்த மண்ணைக் கழுவப் போனாள்.